சாக்குச் சொல்லாதே கண்ணு! - ஸ்னூக்கர் பிறந்த ஊட்டியில் ஒரு நீலக்கட்டித் தேடல்

காலை ஏழரை மணி. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குக் கிளம்பிய பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் நீளமாக ஒரு கறுப்புப் பெட்டி. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அதையே பார்த்தார்.

"என்ன அம்மணி, தூண்டிலா? ஏரியில மீன் பிடிக்க விடமாட்டாங்களே!"

பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "தூண்டில் இல்லீங்க. பூல் ஆடுற குச்சி."

"குச்சி இல்ல பெரியப்பா, க்யூ" என்று திருத்தினாள் அவள்.

கோவைப் பெண். வயது 19. பி.காம் இரண்டாம் வருடம். அப்பாவுக்குக் கணபதியில் சின்ன லேத் பட்டறை. போன மாதம் கோவையில் நடந்த ஒரு பூல் போட்டியின் அரையிறுதியில் அவள் ஜெயிக்க, கறுப்புப் பந்து ஒன்று மட்டும்தான் பாக்கி. அதுவும் குழிக்குப் பக்கத்திலேயே நின்றது. ஒரே ஒரு சிக்கல், நேராக அடித்தால் வெள்ளைப் பந்தும் பின்னாலேயே போய் விழுந்துவிடும். அதனால் வெள்ளையின் அடிவயிற்றில் தட்டி, பின்னுக்கு இழுக்கப் பார்த்தாள். 'டிக்' என்று ஒரு காய்ந்த சத்தம். க்யூ வழுக்கி, வெள்ளைப் பந்து எங்கேயோ ஓடியது. ஆட்டக்காரர்கள் 'மிஸ்க்யூ' என்று சொல்லும் விபத்து அது. அடுத்த ஆட்டக்காரர் வந்து நிதானமாக முடித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தவள் சொன்ன காரணம், 'சாக் சரியில்லை'. க்யூவின் நுனியில் தேய்ப்பார்களே, அந்தச் சின்ன நீலக்கட்டி. போனில் தேடி, இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும் ஒரு வெளிநாட்டு சாக்கைக் கண்டுபிடித்து அப்பாவிடம் காட்டினாள். லேத்தில் இருந்து தலையை எடுக்காமலேயே அவர் சொன்ன பதில்: "மாசாமாசம் கோச்சிங், டேபிள் வாடகை. இப்ப சுண்ணாம்புக் கட்டிக்கும் ரெண்டாயிரமா? வர்ற ஞாயித்துக்கிழமை மேட்ச்ல என்ன ஆகுதுன்னு பார்க்கலாம். இல்லாட்டி, படிப்பை மட்டும் பாரு."

இடையில் புகுந்தவர் பெரியப்பா. வங்கி வேலையில் பல வருடம் ஊட்டியில் இருந்தவர், சாயங்காலமானால் பில்லியர்ட்ஸ் மேஜைதான். "சாக்குக்கு ஒரு சாக்கா? சாக்குச் சொல்லாதே கண்ணு! ஊட்டில எனக்குத் தெரிஞ்ச மார்க்கர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் வாங்கு" என்றார். அதனால்தான் இந்த வியாழக்கிழமைப் பயணம். மலை ரயிலில் போக அவளுக்கு ஆசை. ஆனால் அது 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும், டிக்கெட்டும் கிடைக்கவில்லை. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 2024 மே மாதத்தில் இருந்து நீலகிரிக்குள் நுழைய வாகனங்களுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும்போது வெயில் இருந்தது. குன்னூரில் தூறல். ஊட்டியில் இறங்கியபோது எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. டீயும் வர்க்கியும் முடித்த கையோடு பெரியப்பா ஆட்டோவை நேரே கிளப் ரோட்டுக்கு விடச் சொன்னார்.

பொட்டானிக்கல் கார்டன், படகு இல்லம், தொட்டபெட்டா என்று சுற்றிவிட்டு ஹோம்மேட் சாக்லேட்டோடு இறங்கிவிடுகிற நம்மில் பலருக்கு இந்தப் பக்கம் கால் வைக்க நேரம் இருப்பதில்லை. பழைய செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயமும் நீலகிரி நூலகமும் இருக்கும் அமைதியான பகுதி. இங்கேதான் இருக்கிறது ஊட்டி கிளப். 1830-களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்ட் கட்டிய வெள்ளைத் தூண் மாளிகை, 1841-ல் கிளப்பாக மாறியது. உறுப்பினர்களும் அவர்களுடைய விருந்தினர்களும் மட்டுமே உள்ளே போகலாம். வெளியே நின்று பார்க்க யார் அனுமதியும் தேவையில்லை. இருவரும் நின்று பார்த்தார்கள்.

உலகமே டிவியில் பார்க்கும் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு முதன்முதலில் சட்டம் எழுதி ஒட்டிய இடம் அந்த வளாகத்துக்குள் இருக்கும் பில்லியர்ட்ஸ் அறை. கதை ஜபல்பூரில் ஆரம்பிக்கிறது. 1875 மழைக்காலம். வெளியே போக வழியில்லாத ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் மெஸ்ஸில் 'பிளாக் பூல்' என்ற ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் இன்னும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்தால் என்ன என்று கேட்டார் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி. (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு, இவர் வேறு.) பயிற்சிப் பள்ளியில் முதல் வருட மாணவர்களைக் கிண்டலாக 'ஸ்னூக்கர்' என்று கூப்பிடுவார்களாம். சுலபமான பந்தை ஒருவர் கோட்டைவிட, சேம்பர்லேன் அவரை அப்படி அழைத்தார். பிறகு, இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தானே என்று சமாதானம் சொல்லப்போய், அதுவே ஆட்டத்தின் பெயராகிவிட்டது.

1880-களின் தொடக்கத்தில் சென்னை ராணுவத்தின் தளபதியான ராபர்ட்ஸிடம் சேம்பர்லேன் வேலை பார்த்தார். கோடைக்கு ராணுவத் தலைமை ஊட்டிக்கு ஏறும்போது ஆட்டமும் கூடவே ஏறியது. இங்கேதான் சட்டங்கள் எழுத்தில் வந்தன. இந்த விவரங்களை 1938-ல், தன் முதுமையில், ஒரு லண்டன் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி உறுதி செய்தார் சேம்பர்லேன்.

"அப்ப பூல்தான் அம்மா, ஸ்னூக்கர் அதோட பொண்ணுன்னு சொல்லுங்க பெரியப்பா" என்றாள் அவள். நாம் இன்று ஆடும் அமெரிக்க பூல் வேறு கிளை என்றாலும், சொன்னதில் தப்பில்லை.

மார்க்கரைப் பார்க்கப் போனது டவுனுக்குள், ஒரு கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பார்லருக்கு. குறுகிய படி. உள்ளே பச்சைத் துணி விரித்த ஒரு ஸ்னூக்கர் மேஜை, நீலத் துணி போட்ட இரண்டு பூல் மேஜைகள். மணிக்கு 150 ரூபாய். மார்க்கர் என்றால், ஆட்டத்தில் பாயின்ட் குறிப்பவர். ஆனால் நம் ஊர் கிளப்களில் அந்தச் சொல்லுக்குள் இன்னும் நிறைய வேலைகள் அடக்கம். மேஜையைத் துலக்குவார், துணிக்கு இஸ்திரி போடுவார், க்யூவுக்கு டிப் ஒட்டுவார், உறுப்பினர் தனியாக வந்தால் எதிரில் நின்று ஆடவும் செய்வார். பல நேரம் அந்த வட்டாரத்திலேயே நன்றாக ஆடுபவர் அவராகத்தான் இருப்பார், கோப்பை மட்டும் வேறு யார் வீட்டிலாவது இருக்கும்.

இந்த மார்க்கருக்கு எழுபதைத் தாண்டிய வயது. கம்பளித் தொப்பி, ஸ்வெட்டர். ஒரு கிளப்பில் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர், இப்போது பொழுதுபோகாமல் இங்கே வருகிறார். பெரியப்பாவைக் கட்டிக்கொண்டவர், அவள் கதையை முழுதாகக் கேட்டார். ஆனால் சாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பாப்பா, பையில பத்து ரூபா காசு இருக்கா?" என்றார்.

நாணயத்தை வெள்ளைப் பந்தின் முகத்துக்கு நேரே, நடுவில் பிடித்துக் காட்டினார். "இந்தக் காசு மறைக்கிற இடத்துக்குள்ள அடிச்சா உனக்கு. காசுக்கு வெளியே போனா சாமிக்கு."

இது கிழவர் கண்டுபிடித்த கணக்கு அல்ல. மையத்தில் இருந்து பந்தின் ஆரத்தில் ஏறக்குறைய பாதித் தூரம் வரைதான் க்யூ வழுக்காமல் பிடிக்கும். ஸ்னூக்கர் பந்தின் ஆரம் 26 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பூல் பந்து அதைவிடச் சற்றுப் பெரிது. அதில் பாதியை எல்லாப் பக்கமும் எடுத்தால் கிடைக்கும் வட்டம், 27 மில்லிமீட்டர் விட்டம் உள்ள நம் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிடுகிறது. டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் தோல் டிப் பந்தைப் பிடித்தாக வேண்டும். சாக் எதற்கு என்றால், இதற்குத்தான். அது பந்துக்கு வேகம் தராது, குறியும் தராது. டிப் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த 'அவ்வளவுதான்' வருவதற்குள் உலகம் நிறைய சுற்றியிருக்கிறது. ஒரு காலத்தில் க்யூ வெறும் மரக்கட்டை. அதன் நுனியில் தோல் ஒட்டும் யோசனையைக் கொண்டுவந்தவர் மிங்கோ என்ற பிரெஞ்சு கேப்டன். சிறையில் பில்லியர்ட்ஸ் மேஜையோடு பொழுதைப் போக்கியவர், 1807-ல் அதை வெளி உலகத்துக்குக் காட்டினார். பிறகு 1820-களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜாக் கார் என்று ஒருவர். அவரும் மார்க்கர்தான். பந்தை அங்கும் இங்கும் சுழல வைத்து ஆச்சரியப்படுத்திவிட்டு, 'எல்லாம் என் மந்திரப் பொடி' என்று சாதாரண சுண்ணாம்புத் தூளைப் பெட்டி பெட்டியாக விற்றார் என்று சொல்வார்கள். விலை உயர்ந்த சாக் வாங்கினால் ஆட்டம் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இருநூறு வயதாகிறது!

இன்று நாம் 'சாக்' என்று சொல்வதில் உண்மையில் சாக்பீஸே கிடையாது. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரருக்கு பிரான்ஸில் இருந்து வந்த ஒரு கட்டி கிடைத்தது. மற்ற எதையும்விட அது நன்றாகப் பிடித்தது. வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரிடம் கொடுத்துச் சோதித்தால், அது இத்தாலியின் எட்னா எரிமலைச் சாம்பல். அதேபோலச் செய்ய இருவரும் பல கலவைகளை முயன்று, கடைசியில் சிலிக்காவோடு கொஞ்சம் அலுமினியம் ஆக்சைடு சேர்த்துக் கட்டியாக்கி, 1897 மார்ச்சில் காப்புரிமை வாங்கினார்கள். தொழிற்சாலை சிகாகோவில். ஸ்பிங்க்ஸ் பிறகு கலிபோர்னியாவில் அவகாடோ விவசாயம் செய்யப்போய், ஒரு அவகாடோ ரகத்துக்கே அவர் பெயர் வந்தது தனிக்கதை.

"அலுமினியம் ஆக்சைடா?" என்று நிமிர்ந்தாள் அவள். பள்ளியில் படித்த ஞாபகம் இல்லை, பட்டறை ஞாபகம். அப்பா டூல் தீட்டும் கிரைண்டிங் வீலில் இருக்கும் சரக்கும் அதுதான்.

கிழவர் இப்போதுதான் அவள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். க்யூவை எடுத்தவர், வெள்ளைப் பந்தைக்கூடப் பார்க்காமல் நுனியைக் கட்டை விரலால் தடவினார். முகம் மாறியது.

"என்னம்மா, கண்ணாடி மாதிரி இருக்கு? இதுல சந்தனமே பூசினாலும் ஒட்டாது."

பல மாதம் அடித்து அடித்து டிப்பின் தோல் இறுகி, பளபளவென்று ஆகிவிட்டிருந்தது. மேலே தேய்க்கும் சாக் ஒட்டினாலும் ஒரு தட்டில் உதிர்ந்துவிடும். இருந்தாலும் சோதித்துப் பார்க்கலாம் என்றார் பெரியப்பா. கிழவர் தன் தகர டப்பாவில் இருந்து மூன்று சாக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று, பெயரே இல்லாத மலிவு ரகம். இரண்டாவது, சிகாகோவில் இருந்து உலகம் பூராவும் போன பழைய, பேர்பெற்ற நீலக்கட்டி. மூன்றாவது, விடுமுறைக்கு வந்த யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன ஃபின்லாந்து சாக், டாவோம். அவள் போனில் காட்டியது இதைத்தான்.

வெள்ளையின் கீழ்ப்பகுதியில் அடித்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும், ஒவ்வொரு சாக்குக்கும் பத்து முறை. மலிவு சாக்கில் மூன்று முறை வழுக்கியது. பழைய கட்டியில் இரண்டு முறை. இரண்டாயிரம் ரூபாய் சாக்கிலும் இரண்டு முறை. அவள் ஒன்றும் பேசவில்லை. போன மாதத்து அரையிறுதி கண்ணில் ஓடியிருக்க வேண்டும்.

கிழவர் ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து, க்யூவை மடியில் சாய்த்துக்கொண்டார். தோலின் மேல் பளபளப்பு போகும்வரை மெல்லத் தேய்த்தார். ஓரங்களைச் சரித்து, ஒரு நாணயத்தின் வளைவு வரும்படி உருட்டினார். பித்தளைப் பூண் மேல் கை படாமல் அவர் தேய்த்த விதத்தைப் பக்கத்து மேஜைப் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மறுபடி பத்துப் பத்து. மலிவு சாக்கில் ஒரு முறை வழுக்கியது. மற்ற இரண்டிலும் ஒரு முறைகூட இல்லை.

அப்படியென்றால் எல்லா சாக்கும் ஒன்றுதானா? இல்லை. மலிவு ரகம் சில சமயம் கரடுமுரடாக இருக்கும், டிப்பில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், துணி முழுக்க மாவு கொட்டும். அதைத் தவிர்ப்பது நல்லது. பழைய பேர்பெற்ற ரகங்கள் சில பத்து ரூபாய்களில் கிடைக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்துப் பார்லரில் ஆடுகிறவருக்கு அது தாராளமாகப் போதும். இதிலும் பித்துப் பிடித்தவர்கள் உண்டு. டிரையாங்கிள் சாக்கின் லேபிளில் அமெரிக்கக் கொடி அச்சாவதற்கு முந்தைய பழைய சரக்குதான் உசத்தி என்று தேடித்தேடி வாங்குகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

விலை உயர்ந்த சாக்குக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் கமூயி போன்றவை ஒருமுறை பூசினால் பல ஷாட் தாங்கும் என்று விரும்பி வாங்குகிறார்கள். தொழில்முறை ஸ்னூக்கர் வீரர்கள் பலர் பச்சைக்கட்டியை விட்டு டாவோமுக்கு மாறியதற்குக் காரணம் வேறு. வெள்ளைப் பந்தில் ஒட்டிய சாக் துகள், இன்னொரு பந்தை மோதும் இடத்தில் சரியாக மாட்டிக்கொண்டால் இரண்டு பந்தும் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு, துள்ளி, திசை மாறிவிடும். 'கிக்' என்பார்கள். லட்சக்கணக்கில் பரிசுள்ள ஆட்டத்தில் ஒரு கிக் போதும், எல்லாம் போச்சு. பந்தில் குறைவாக ஒட்டும் சாக் அவர்களுக்குத் தேவை. பந்தை வாரம் ஒருமுறைகூடத் துடைக்காத பார்லரில் ஆடிவிட்டு, கிக் வராத சாக் வேண்டும் என்று கேட்பதுதான் வேடிக்கை.

நிறம் விஷயத்தில் மட்டும் கிழவர் கறாராக இருந்தார். பச்சைத் துணிக்குப் பச்சை, நீலத் துணிக்கு நீலம். சிவப்பு சாக் அழகாக இருக்கிறதே என்று கொண்டுவரும் பையன்களை அவர் மேஜைப் பக்கமே விடுவதில்லை. துணி கறைபட்டால் துலக்குகிறவருக்குத்தானே தெரியும்! அடுத்து, பூசும் முறை. முக்கால்வாசிப் பேர் சாக்கை டிப் மேல் வைத்து ஸ்க்ரூ டிரைவர் மாதிரித் திருகுகிறார்கள். நடுவில் குழி விழும், குழியின் ஓரம் பூணைச் சுரண்டும், டிப்பின் ஓரத்தில் மட்டும் சாக் படாது. வழுக்குவதோ அந்த ஓரத்தில்தான். "பொட்டு வைக்கிற மாதிரி, மெதுவா, ஓரம் பூரா. ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி. வச்சதும் ஒரு தடவை கண்ணால பாரு." வேலை முடிந்ததும் சாக்கை மேஜை விளிம்பில் வாய் மேலே பார்க்க வைக்க வேண்டும், கவிழ்த்து வைத்தால் அடுத்தவர் சட்டையில் நீலம்.

ஊட்டிக்கு இன்னொரு சங்கதி. ஈரம். மழை மாதங்களில் துணி நீர்கோத்துக் கனமாகிவிடும், பந்து சோம்பேறியாகும், சாக் நமுத்துப்போய் டிப்பில் பசை மாதிரிப் படியும். வெளிநாட்டுப் பெரிய போட்டிகளில் மேஜைக் கல்லுக்கு அடியில் சூடேற்றும் வசதியே வைத்திருக்கிறார்கள். கிழவரிடம் இருப்பது மூடி இறுக்கமான அந்தத் தகர டப்பா. "மழைக்காலத்துல சாக்கை வெளியே விடக் கூடாது பாப்பா, அப்பளம் மாதிரி."

மத்தியானம் வரை அவள் ஆடினாள். மேஜைக்குக் காத்திருந்த பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு சுற்றி நின்றார்கள். பார்லரில் அவளைத் தவிர வேறு பெண் இல்லை. கோவையிலும் பல நாள் அப்படித்தான். சுவரில் ஒட்டியிருந்த பேப்பர் கட்டிங்கை கிழவர் விரலால் காட்டினார். 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஹாங்காங்கின் இங் ஒன் யீயை 3-2 என்று வென்று பட்டம் வாங்கிய சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன். "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பொம்பளைங்க அந்த ரூம் வாசல்ல நின்னு எட்டிப் பார்ப்பாங்க. இப்போ பாரு" என்றவர், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

பார்லரில் இரண்டு நீலக்கட்டி வாங்கினாள். ஒன்று ஐம்பது ரூபாய். கிழவர் காசு எதுவும் வாங்க மறுத்துவிட்டார். பெரியப்பா வர்க்கிப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்துவிட்டு வந்தார்.

இறங்கும் பேருந்தில், பர்லியார் தாண்டும்போது அவள் போன் அடித்தது. அப்பா.

"வாங்கிட்டியா அந்த ரெண்டாயிர ரூபா கட்டி?"

"இல்லப்பா. நூறு ரூபாதான் ஆச்சு. டிப்புதான் பிரச்சனை. மொழமொழன்னு ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல ஒரு தடவை தேய்ச்சு, வளைவு சரி பண்ணணும். பட்டறைல நைஸ் எமரி இருக்குமாப்பா?"

மறுமுனையில் லேத் ஓடும் சத்தம் நின்றது.

"எத்தனாம் நம்பர்?" என்றார் அப்பா.